வெறும் ‘வயித்து வலி’ என்று சொல்லியே 16 வருஷம்

என் அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே, மீன்வலை விரித்த மாதிரி ஒரு பழுப்புத் தடம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ரொம்ப நாளாக அதைத் தேமல் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். மாசாமாசம் கல் உப்பை இரும்புச் சட்டியில் படபடவென்று வெடிக்கிற வரைக்கும் வறுத்து, பழைய வேட்டித் துணியில் கிழியாக முடிந்து, தோல் தாங்குகிற சூட்டுக்கும் ஒரு படி மேலே வைத்து வைத்து விழுந்த தடம் அது. அதைப் பார்த்து “இது என்ன?” என்று முதன்முதலில் கேட்டது பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா. அவர்களுக்கு முன்னால் நான் பார்த்த நாலு டாக்டர்களும் வயிற்றைப் பார்க்கவே இல்லை, நான் சொன்னதைக் கேட்டு மாத்திரை எழுதினார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நான் போன இடத்தில் எல்லாம் சொன்னது ஒரே வார்த்தைதான், “வயித்து வலி.” அது தீட்டு வலி, அதற்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது என்று தெரிய இத்தனை வருஷம் ஆனது.

எனக்கு ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவள். நான் வயசுக்கு வந்தது 2003-ல், 13 வயதில். முதல் வருஷம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஒன்பதாம் வகுப்பில்தான் ஆரம்பித்தது. இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுப்பது போல ஒரு வலி, தொடை வரைக்கும் இறங்கும், குடித்த தண்ணீர் கூட வாந்தியாக வரும். மாசத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா மடியில் இருக்கிற பீடித்தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “எனக்கும் இப்பிடித்தாம்ட்டி இருந்துச்சு, ஒரு பிள்ளையப் பெத்துட்டா எல்லாஞ் சரியாப் போவும்” என்பாள். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் கல்யாணம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டு வைத்தியத்தில் ஆச்சிதான் ராணி. தொலி நீக்காத கறுப்பு உளுந்தை வறுத்து, கூடக் கொஞ்சம் பச்சரிசி சேர்த்துத் திரித்து வைத்திருப்பாள். கருப்பட்டியைக் காய்ச்சி மண் போக வடிகட்டி, அதில் மாவைக் கரைத்து, நல்லெண்ணெயை விட்டு விட்டுக் கிண்டுவாள், கை வலித்தாலும் நிறுத்தமாட்டாள், களி சட்டியில் ஒட்டாமல் உருண்டு வர வேண்டும். நனைந்த கையால் அதை உருட்டி, நடுவில் குழி செய்து, அதில் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய். அப்புறம் சுக்குக் காப்பி, ஓமத்தண்ணி, வெந்தயத்தை மோரில் ஊறவைத்தது, விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலையை அனலில் வாட்டி வயிற்றில் போடுவது. இதெல்லாம் எனக்கு இப்போதும் பிடிக்கும். வாந்தி எடுத்துக் கிடக்கிறவளுக்கு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிற களி தெம்புதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் களி தின்றதால் என் வலி ஒரு மாசமாவது குறைந்ததா என்றால், இல்லை. வெக்கை மட்டும்தான் நிஜமாகவே வலியைத் தணித்தது, அதுவும் வைத்திருக்கிற நேரத்துக்கு.

படிப்பு முடிந்து திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்கு வேலைக்குப் போனேன். காலையில் ஏறினால் பத்தமடை, தருவை, முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் என்று பஸ் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடும், அந்த நாட்களில் ஒவ்வொரு குலுக்கலும் வயிற்றுக்குள்ளே கொக்கி போட்டு இழுத்தது போல இருக்கும். கடையில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது 2021-ல், நான் நின்றது அதற்கு ரொம்ப முன்னால். (சட்டம் வந்த பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலும் வந்தது, உட்கார்ந்தால் முறைக்கிற கண்ணும் கூடவே வந்தது, அது தனிக் கதை.)

அப்போது கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தி கொடுத்ததுதான் மெஃபெனாமிக் அமில மாத்திரை. நம் பக்கத்துப் பெண்களின் கைப்பையில் எப்போதும் ஒரு அட்டை கிடக்குமே, அதே மாத்திரைதான். கேட்டது நன்றாகவே கேட்டது. நான் செய்த கூத்து என்னவென்றால், வாந்தி வரும் என்று பயந்து சாப்பிடாமலே போடுவேன், வலி உச்சிக்கு ஏறின பிறகு போடுவேன், கேட்கவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று போடுவேன். மூன்று வருஷத்தில் நெஞ்செரிச்சல் வந்து, வயிறு நிஜமாகவே புண்ணாகிப் போனது. அதற்கு ஒரு டாக்டர் “அல்சர்” என்று மருந்து கொடுக்க, எனக்கு இத்தனை நாள் இருந்ததே அல்சர் வலிதான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

2015-ல் கல்யாணம். அம்மா சொன்ன ‘சரியாப் போகும்’ நடக்கவில்லை, கூட ஒரு வலி சேர்ந்தது. புருஷனோடு சேரும்போது ஆழத்தில் குத்துகிற மாதிரி வலி. அதை யாரிடம் சொல்ல? அவரிடமே ஒரு வருஷம் சொல்லவில்லை, பிடிக்கவில்லை போல என்று அவராக நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். பிள்ளையும் தங்கவில்லை. மாமியார் நல்லவர்கள்தான், ஆனாலும் கோயில் கோயிலாகக் கூட்டிப் போவதை நிறுத்தவில்லை. வயிற்றுக்கு மேலே வைத்து எடுக்கும் ஸ்கேன் இரண்டு தரம் எடுத்தோம். முதலில் “நார்மல்”. அடுத்ததில் இடப் பக்கம் 3 சென்டிமீட்டரில் ஒரு நீர்க்கட்டி, “தானா கரஞ்சிரும்”.

கரையட்டும் என்று நானும் ஒரு காரியம் செய்தேன். கர்ப்பப்பைக் கட்டி எல்லாம் கரையும் என்று ஒருவர் விற்ற பொடியை வாங்கி ஆறு மாசம் வெந்நீரில் கலக்கிக் குடித்தேன். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நாடி பார்த்து, ரிப்போர்ட் பார்த்துக் கொடுப்பது வேறு. பெயரும் ஊரும் இல்லாத டப்பாவில் வருகிற பொடி வேறு. ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் 3 சென்டிமீட்டர் 5 ஆகியிருந்தது. பொடியால் வளர்ந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த ஆறு மாசத்தை எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

2019-ல்தான் அந்த டாக்டரம்மாவிடம் போனேன். தடத்தைப் பார்த்தார்கள், “எத்தன வருசமா சுட்டுக்கிட்டு இருக்கிய?” என்றார்கள். அப்புறம் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு மூன்றே கேள்வி. தீட்டு நாளில் வெளிக்கிப் போகும்போது வலிக்குதா? வீட்டுக்காரரோடு இருக்கும்போது உள்ளே வலிக்குதா? தீட்டு இல்லாத நாளிலும் படுத்துக்கிடக்க வேண்டி வருதா?

முதல் கேள்விக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தியை வைத்துக் கீறினது போல வலிக்கும், அதற்குப் பயந்தே அந்த இரண்டு நாளும் பட்டினி கிடப்பேன், மூலமாக இருக்கும் என்று நினைத்து வெட்கத்தில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தை முதல் டாக்டரிடமே சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

பிறப்புறுப்பு வழியாக எடுக்கிற உள் ஸ்கேன் எடுத்தார்கள், அப்புறம் எம்ஆர்ஐ. எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சுவரில் இருக்க வேண்டிய மாதிரியான திசு, கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடல் மேலும் அங்கங்கே ஒட்டி வளர்கிறது. மாசாமாசம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் வீங்குகிறது, கசிகிறது. கசிந்தது வெளியேற வழி இல்லாததால் உள்ளேயே புண்ணாகி, பசை போட்டது போல உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. என் இடது சினைப்பை கர்ப்பப்பையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு, குடலையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கட்டிக்குள் இருந்தது பழைய ரத்தம், அதனால் ‘சாக்லேட் சிஸ்ட்’ என்று பெயர். ஆபரேஷன் வீடியோவைக் காட்டினபோது எனக்கு ஞாபகம் வந்தது ஆச்சி காய்ச்சுகிற கருப்பட்டிப் பாகுதான்.

முதலில் எடுத்த ஸ்கேன் ஏன் நார்மல் என்று கேட்டேன். சின்னச் சின்ன திட்டுகளாக இருக்கிற நோய் எந்த ஸ்கேனிலும் பிடிபடாமல் போகலாம், கட்டியாகத் திரண்டால் எளிதாகத் தெரியும் என்றார்கள். இதை ரெண்டு தரம் படிங்க. ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு உள் ஸ்கேன் எடுக்கமாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. முன்னெல்லாம் வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் பார்த்தால்தான் உறுதி சொல்வார்களாம், இப்போது அறிகுறியையும் ஸ்கேனையும் வைத்தே மருந்து தொடங்கிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு இது உண்டு. எங்கள் கடையில் ஒரு மாடியில் 40 பெண்கள், அப்படியானால் நாலு பேர். மற்ற மூணு பேர் யார் என்று பில் போட்டுக்கொண்டே சில நாள் பார்ப்பேன்.

வைத்தியத்துக்கு வருவோம். இதை அடியோடு போக்குகிற மருந்து கிடையாது, வலியை அடக்கலாம், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தலாம். எந்த வழி என்பது இப்போது பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொறுத்தது. ஹார்மோன் மாத்திரைகள் பெரும்பாலும் கருமுட்டை வெளிவருவதைத் தடுத்துவிடும், ஆகவே பிள்ளைக்குக் காத்திருக்கிறவளுக்கு அது ஆகாது. எனக்கு ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முன் ஏஎம்ஹெச் என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள், சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று அது காட்டும். கட்டியை உரித்து எடுக்கும்போது நல்ல சினைப்பையும் கொஞ்சம் கூடவே போய்விடும், இருப்பு குறையலாம். இதை யாரும் நமக்குத் தானாகச் சொல்லமாட்டார்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் நாம்தான் கேட்க வேண்டும். அப்படியே காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போய், இந்த ஆபரேஷனுக்குக் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்குள் மகள் உண்டானாள். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று நான் சொன்னால் அது பொய். அவள் பிறந்து இரண்டு வருஷம் வலி இல்லாமல் இருந்தேன், பால் மறந்து தீட்டு சீரானதும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டது. “பிள்ளை பெத்தா சரியாகும்” என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டாலும் வெளியே இருக்கிற திசுவை விட்டுவிட்டால் வலி தொடரலாம் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது நான் தினமும் ஒரு டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் மாத்திரை போடுகிறேன். முதல் மூணு மாசம் நச்சு நச்சென்று உதிரம் பட்டுக்கொண்டே இருந்தது, நாப்கின் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. காரணமில்லாமல் அழுதேன், மகளை அதட்டினேன். நிறுத்திவிடலாம் என்று போய் நின்றபோது, ‘மூணு மாசம் தாண்டட்டும், மனசு ரொம்பத் தாழ்ந்தால் மட்டும் உடனே வா’ என்றார்கள். நாலாம் மாசம் அடங்கியது, தீட்டே வரவில்லை. ‘தீட்டு வராட்டா கெட்ட ரத்தம் உள்ள தங்கிருமே’ என்று மாமியாருக்கு ஒரே கவலை. தங்காது, சுவரே மெலிசாகிவிடுவதால் வெளியேற ஒன்றும் சேர்வதில்லை. வருஷக்கணக்கில் போட்டால் எலும்பின் அடர்த்தியைக் கவனிக்க வேண்டும் என்பதால் கால்சியமும் பரிசோதனையும் உண்டு. இதைக் கருத்தடை மாத்திரை என்று நம்பி இருக்கவும் கூடாது. சிலருக்குச் சாதாரணக் கருத்தடை மாத்திரையே போதும், சிலருக்கு ஹார்மோன் சுரக்கிற கருப்பை சாதனம் வைக்கிறார்கள். என் மதினிக்கு ஊசி போட்டார்கள், தற்காலிகமாகத் தீட்டு நின்ற வயசுக்காரி போல ஆக்கிவிடும் ஊசி. அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் வெயிலோடு சேர்த்து உடம்புக்குள்ளிருந்தும் தீ எழும்பினால் எப்படி இருக்கும்? பாவம், ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டே மே மாசத்தைத் தள்ளினாள்.

வீட்டு வைத்தியத்தை நான் விட்டுவிடவில்லை, அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டேன். வெக்கை வேண்டும், ஆனால் ரப்பர் பையில் வெந்நீர், அதைத் துண்டில் சுற்றி, இருபது நிமிஷம், அப்புறம் எடுத்துவிட வேண்டும். தோலில் வலைத்தடம் விழ ஆரம்பித்தால் சூடு கூடுதல் என்று பொருள். பெரிய பிளாஸ்டிக் டப்பில் இளஞ்சூட்டு வெந்நீர் நிரப்பி இடுப்பு முங்க உட்காருவது கிழியை விட எனக்கு நன்றாகக் கேட்கிறது. சுக்குக் காப்பி குடிக்கிறேன். தீட்டு வலிக்கு இஞ்சி ஓரளவு உதவுவதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு, கட்டியை அது கரைக்காது. மலம் இறுகினால் வலி இரண்டு மடங்கு ஆவதால் கீரை, கொய்யாப்பழம், தண்ணீர் எல்லாம் தீட்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே. வயிறு சுத்தமாகும் என்று அந்த நாளில் விளக்கெண்ணெய் குடித்து ஒரு தரம் நான் பட்ட பாடு போதும், தயவுசெய்து செய்யாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று: வருஷக்கணக்கில் வலிக்குப் பயந்து இடுப்புக்கூட்டின் அடித்தசை இறுகியே கிடக்குமாம். தரையில் பாயை விரித்துப் படுத்து, முழங்காலை மடக்கிக் கெண்டைக்காலை நாற்காலி மேல் வைத்து, வயிறு உப்ப மூச்சு இழுத்து மெதுவாக விடச் சொன்னார். கால் மணி நேரம். இதிலென்ன இருக்கிறது என்று நினைத்தேன், இப்போது அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

வலி மாத்திரை எப்போதாவது தேவைப்படும். சாப்பிட்டுவிட்டுத்தான், வலி எட்டிப் பார்க்கும்போதே, டாக்டர் சொன்ன இடைவெளியில், இரண்டு மூன்று நாளுக்கு மேல் இல்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம். மெஃபெனாமிக் அமிலத்தால் அரிதாக உடம்பு முழுக்கத் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுதல் என்று கடும் ஒவ்வாமை வரலாம் என 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விட்டது. மாத்திரை போட்ட அன்றே வரும் என்றில்லை, சில வாரம் கழித்தும் வரலாம்.

சில வலிக்குக் கிழியும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. திடீரென்று ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு வாந்தியோ மயக்கமோ வந்தால், காய்ச்சலோடு வயிறு கல்லாக இறுகினால், தீட்டு தள்ளிப்போய் வலித்தால், உடனே வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரி எத்தனை மணி என்றாலும். கட்டி வெடித்திருக்கலாம், சினைப்பை முறுக்கியிருக்கலாம், குழாயில் கரு தங்கியிருக்கலாம். தீட்டு நாளில் மலத்திலோ மூத்திரத்திலோ ரத்தம் வந்தால் அந்த வாரமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டாக்டரிடம் போகிறவர்களுக்கு என் யோசனை, சுவரில் தொங்குகிற தினத்தாள் காலண்டரில் கிழிக்கிற தாளை எறியாதீர்கள். அன்றைய வலிக்கு 10-க்கு எத்தனை, எந்த இடம், வெளிக்கிப் போனபோதா, மூத்திரம் போனபோதா, சேர்ந்தபோதா, என்ன மாத்திரை, எந்த வேலை நின்றது என்று பின்பக்கம் இரண்டு வரி. மூணு மாசத் தாளை ரப்பர் பேண்டு போட்டு மேசையில் வைத்தால், வாய் சொல்லக் கூசுவதைத் தாள் சொல்லிவிடும். நான் அதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஒரு நாள் அம்மா, பீடி இலையை வெட்டிக்கொண்டே, “வெளிக்கிப் போவும்போது எனக்கும் அப்பிடித்தாங் குத்தும். யாரு கேட்டா?” என்றாள். தாய்க்கோ கூடப் பிறந்தவளுக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு இப்போது தீட்டு நின்றுவிட்டது, வலியும் போய்விட்டது, முப்பது வருஷம் தட்டை மடியில் வைத்து வலியை அமுக்கிக்கொண்டே சுற்றியிருக்கிறாள்.

போன வாரம் அக்கா மகள் வந்திருந்தாள், 15 வயது. அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அக்கா உப்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவளுக்குப் பொருந்துகிற இரண்டு கேள்வியை மட்டும் அவள் காதில் கேட்டேன். தலையை ஆட்டினாள், இரண்டுக்கும்.

திங்கட்கிழமை மூணு பேருமாகப் பாளையங்கோட்டை போகிறோம். அவளுக்கு எடுப்பது வயிற்றுக்கு மேலே வைக்கிற ஸ்கேன்தான், அதற்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன். முன்னீர்பள்ளம் தாண்டினதும் குடிக்க ஆரம்பித்தால் சரியாக இருக்கும், அதற்கு முன்னால் குடித்தால் அந்த ரோட்டுக் குலுக்கலுக்கு அவள் தாங்கமாட்டாள்.